வீட்டில் கட்டும் வால்வு கிட்டார் ஆம்ப்: பாகங்களைத் தேர்வதும் டோன் கண்ட்ரோலை வழிக்குக் கொண்டுவருவதும்

மதுரையில் வால்வு ஆம்ப்ளிஃபயர் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது, மைக் செட் கடைகளின் பரணில் தூசி படிந்து கிடக்கும் பழைய இரும்புப் பெட்டிகள்தாம். கல்யாண வீட்டிலும் கோயில் கொடையிலும் முழங்கிய அந்தப் பெட்டிகளை டிரான்சிஸ்டர் ஓரங்கட்டிப் பல்லாண்டுகள் ஆகின்றன. எலக்ட்ரிக் கிட்டார் வாசிப்பவர்கள் மட்டும் வால்வைக் கைவிடவில்லை. அளவு மீறி உந்தப்படும்போது வால்வின் ஒலி சட்டென்று வெட்டுப்படாமல் படிப்படியாகத் தடித்துக் கரகரப்பேறும் விதம் கிட்டார் கம்பிக்கு அப்படிப் பொருந்திப்போகிறது. அத்தகைய ஆம்ப் ஒன்றைச் சொந்தமாகக் கட்ட நினைப்பவர்களுக்காகவும், கட்டி முடித்த பிறகு டோன் குமிழ்களை எப்படித் திருகினாலும் ஒலி கைக்கு வரவில்லையே என்று தவிப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். ஈயம் வைக்கவும் மல்டிமீட்டர் பிடிக்கவும் தெரிந்தவர் என்று உங்களை எண்ணிக்கொள்கிறேன்.

எடுத்துக்காட்டாக நான் கொள்ளும் ஆம்ப் மிக எளியது: ஒரு 12ஏஎக்ஸ்7, ஒரு இஎல்84, ஏறக்குறைய 5 வாட் ஒலி. 12ஏஎக்ஸ்7 வால்வுக்கு ஐரோப்பியப் பெயர் இசிசி83. ஒரே கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு டிரயோடுகள், அதாவது கேத்தோடு, கிரிட், ஆனோடு என்ற மூன்று மின்முனைகள் கொண்ட பெருக்கும் பகுதிகள், இருக்கின்றன. முதல் டிரயோடு கிட்டாரின் ஒலியைப் பெருக்கும். அதன்பின் டோன் சுற்றும் வால்யூமும் வரும். அவற்றில் இழந்ததை இரண்டாம் டிரயோடு மீட்டுத் தரும். இஎல்84 ஸ்பீக்கரை ஓட்டும். 5 வாட் போதுமா என்று கேட்பார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் அது பக்கத்து வீட்டார் கதவைத் தட்டும் அளவுக்குப் போதும்.

உயிரைக் காக்கும் விஷயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தச் சுற்றில் 250 வோல்ட்டுக்கு மேல் டிசி மின்னழுத்தம் ஓடுகிறது. சுவிட்சை அணைத்துப் பிளக்கை உருவிய பிறகும் ஃபில்டர் கண்டன்சர்களில் அது தங்கியிருக்கும். ஒவ்வொரு முறை உள்ளே கை வைப்பதற்கு முன்பும் 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை உறையிட்ட கிளிப் ஒயரில் கட்டி, கண்டன்சரின் பாசிட்டிவ் முனைக்கும் ஆம்ப்பின் உலோக உடலான சேசிஸுக்கும் இடையில் சில விநாடிகள் பிடித்து, மீட்டரில் 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகே தொட வேண்டும். கிட்டாரின் கம்பிகள் கேபிளின் உறை வழியாக ஆம்ப்பின் சேசிஸோடு நேரடியாக இணைந்திருக்கின்றன என்பதையும் மறக்கக் கூடாது. சேசிஸில் மின்சாரம் கசிந்தால் அது வாசிப்பவரின் விரலுக்கு வந்துவிடும். ஆகவே மூன்று முனைப் பிளக் கட்டாயம். வீட்டின் பழைய ஒயரிங்கில் எர்த் துளைக்குப் பின்னால் ஒயரே இல்லாமல் இருப்பதுண்டு, எலக்ட்ரீஷியனை வைத்து அதைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

காசை எங்கே போடுவது

இணையத்தில் விலையுயர்ந்த கண்டன்சர்களைப் பற்றி நிறையப் பேச்சு நடக்கிறது. என் அனுபவத்தில், கையில் இருக்கும் பணத்தில் பெரும்பங்கு அவுட்புட் டிரான்ஸ்பார்மருக்கும் ஸ்பீக்கருக்கும் போக வேண்டும். அவை இரண்டும் சொத்தையாக இருந்தால் டோன் சுற்றில் தங்கத்தையே வைத்தாலும் பயனில்லை.

அவுட்புட் டிரான்ஸ்பார்மரை மோட்டார் காயில் கட்டும் ரீவைண்டிங் கடையிலேயே சுற்றி வாங்க முடியும். ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கரண்ட் டிரான்ஸ்பார்மருக்கு ஸ்டாம்பிங் தகடுகளை ஒன்று மாற்றி ஒன்று கோத்து அடைப்பதுதான் அந்தக் கடைகளின் கைப்பழக்கம். ஒற்றை வால்வு ஆம்ப்பில், வால்வோடு இணையும் சுருளான பிரைமரி வழியாக எந்நேரமும் ஏறக்குறைய 50 மில்லி ஆம்பியர் டிசி ஓடுவதால், அப்படிக் கோத்தால் இரும்பு திகட்டிப்போய் பேஸ் ஒலி நசுங்கிவிடும். ஈ வடிவத் தகடுகள் அனைத்தையும் ஒரு பக்கமும் ஐ வடிவத் தகடுகள் அனைத்தையும் மறுபக்கமும் அடுக்கி, நடுவில் காகித இடைவெளி விட்டு இறுக்கச் சொல்லுங்கள். அளவு, பிரைமரி 5 கிலோ ஓம், ஸ்பீக்கரோடு இணையும் செகண்டரி 8 ஓம். அதாவது சுற்றுகளின் விகிதம் 25-க்கு 1. வாங்கும்போதே சோதித்துப் பார்ப்பதற்கு எளிய வழி உண்டு: எல்லாக் கடைகளிலும் கிடைக்கும் 12-0-12 டிரான்ஸ்பார்மரின் இரு ஓர முனைகளில் வரும் 24 வோல்ட் ஏசியைப் பிரைமரிக்குக் கொடுத்தால், ஸ்பீக்கர் பக்கம் ஒரு வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாக, 0.96 அளவில், காட்ட வேண்டும். 24-ஐ 0.96-ஆல் வகுத்தால் 25. 25-இன் வர்க்கத்தை எட்டால் பெருக்கினால் 5,000. சோதனைக்காகக்கூட ஸ்பீக்கர் பக்கத்தில் மின்சாரம் கொடுத்துவிடாதீர்கள். பிரைமரியில் அது இருபத்தைந்து மடங்காக எழும். அதே காரணத்தால், ஸ்பீக்கர் இணைக்காமல் ஆம்ப்பை ஓட்டவும் கூடாது.

மெயின் டிரான்ஸ்பார்மரில் 200 வோல்ட் செகண்டரி ஒன்று, 120 மில்லி ஆம்பியர் தாங்கும்படி, வால்வுகளுக்குள் இருந்து அவற்றைச் சூடாக்கும் ஹீட்டருக்கு 6.3 வோல்ட் செகண்டரி ஒன்று, 2 ஆம்பியருக்கு. பிரிட்ஜ் டயோடும் கண்டன்சரும் சேர்ந்து அந்த 200 வோல்ட்டை 265 அளவிலான டிசியாக்கும். பழைய வால்வு ரேடியோவிலிருந்து கழற்றிய 250-0-250 டிரான்ஸ்பார்மர் கையில் இருந்தால் அவசரப்பட வேண்டாம்: சிலிக்கான் டயோடு போட்டால் அது 350 வோல்ட்டைத் தொடும், இஎல்84-இன் ஆனோடு வரம்போ 300 வோல்ட்தான். பிரைமரியில் 230, 250 என்று இரண்டு டேப் (இணைப்பு முனை) எடுக்கச் சொல்வது நம் ஊருக்கு மிகவும் ஏற்றது. எங்கள் வீட்டில் பின்னிரவில் 250-ஐத் தொடும் மின்சாரம், மாலையில் அதே பிளக்கில் 215-க்கு இறங்கிவிடுகிறது. 230-க்குச் சுற்றிய டிரான்ஸ்பார்மரில் 250 ஏறினால் ஹீட்டர் 6.85 வோல்ட்டுக்குப் போகும். பத்து சதவீதம் என்ற எல்லையின் விளிம்பு அது.

ஸ்பீக்கரைப் பொறுத்தவரை, கிட்டாருக்கென்று செய்யப்படும் பத்து அல்லது பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் தானாகவே அடங்கிவிடும். அந்த அடக்கமும் டோன் கண்ட்ரோலின் ஒரு பகுதிதான். ட்வீட்டர் வைத்த வீட்டு ஸ்பீக்கரில் இணைத்தால், அளவு மீறி உந்திய ஓவர்டிரைவ் ஒலி தகரத்தில் ஆணி கிழித்ததுபோல் வரும், எந்தக் குமிழும் அதைச் சரிசெய்யாது. கிட்டார் ஸ்பீக்கர் வாங்க இயலாவிட்டால், ட்வீட்டர் இல்லாத, காகிதக் கூம்புள்ள, லேசான பழைய ஸ்பீக்கரைத் தேடுங்கள்.

வால்வுகளைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. ரஷ்யா, சீனா, ஸ்லோவாக்கியா ஆகிய நாடுகளில் புதிதாகத் தயாராகும் 12ஏஎக்ஸ்7, இஎல்84 வால்வுகள் இணையத்தில் கிடைக்கின்றன. 1954-இல் பெங்களூரில் தொடங்கிய பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் ஒரு காலத்தில் இவற்றைத் தயாரித்தது. "பெல்" என்ற முத்திரையோடு ரேடியோ மெக்கானிக்குகளின் இழுப்பறைகளில் இன்னும் சில தூங்குகின்றன. கிடைத்தால் விடாதீர்கள், ஆனால் கால்களைச் சுத்தப்படுத்தி, ஹீட்டர் அறுபடவில்லை என்று மீட்டரில் பார்த்து வாங்குங்கள்.

ரெசிஸ்டரும் கண்டன்சரும்

டவுன் ஹால் ரோட்டில் உள்ள கடையிலோ சென்னை ரிச்சி தெருவிலோ ரெசிஸ்டர் கேட்டால் கால் வாட்தான் முதலில் நீட்டுவார்கள். கால் வாட் ரெசிஸ்டர் பொதுவாக 250 வோல்ட் வரைதான் தாங்கும். வெப்பத்துக்குப் போதுமானதாக இருந்தாலும் மின்னழுத்தத்துக்குப் போதாது. ஆனோடு ரெசிஸ்டர்கள் இரண்டையும் ஒரு வாட்டிலும் மற்றவற்றை அரை வாட்டிலும் வாங்குங்கள், மெட்டல் ஃபிலிம் ரகத்தில். பழைய கார்பன் காம்போசிஷன் ரெசிஸ்டருக்குத் தனி இனிமை உண்டு என்பார்கள். அதைவிட உறுதியாக உண்டு அதன் சலசலப்பு. முதல் டிரயோடில் அந்தச் சலசலப்பும் கிட்டாரோடு சேர்ந்து பெருகும்.

முதல் டிரயோடின் அளவுகள் பல பத்தாண்டுகளாக நிலைத்துவிட்டவை: ஆனோடில் 100 கிலோ ஓம், கேத்தோடில் 1.5 கிலோ ஓம், உள்ளீட்டில் ஒரு மெகா ஓம், கிரிட்டுக்கு முன் 68 கிலோ ஓம். மின்சாரம் கொடுத்ததும் கேத்தோடில் 1.2 முதல் 1.6 வோல்ட்டும், ஆனோடில் சப்ளையின் மூன்றில் இரண்டு பங்கும் இருந்தால் டிரயோடு நலமாக இருக்கிறது. இஎல்84-இன் கேத்தோடுக்கு 150 ஓம், 5 வாட். அதில் ஏழரை வோல்ட் அளவில் காட்டினால் வால்வு தன் 12 வாட் வரம்புக்குள் ஓடுகிறது என்று கொள்ளலாம்.

ஒலியின் குணத்தை மாற்றுகிற முதல் இடம் டோன் குமிழ் அன்று. முதல் டிரயோடின் கேத்தோடு ரெசிஸ்டருக்கு இணையாக வரும் கண்டன்சர். அது இல்லாவிட்டால் டிரயோடு முப்பது மடங்கு சொச்சம்தான் பெருக்கும். 22 மைக்ரோஃபாரட் வைத்தால் பேஸ் முதல் டிரெபிள் வரை அறுபது மடங்கு பெருக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு நயமான வழி உண்டு: ஒரு மைக்ரோஃபாரட் வைத்தால் 200 ஹெர்ட்ஸை ஒட்டித் தொடங்கி அதற்கு மேலுள்ள ஒலிகளே முழுப் பெருக்கம் பெறும், அடிக்கம்பிகளின் கனம் மட்டும் பாதியளவில் நிற்கும். இரட்டைச் சுருள் கொண்ட ஹம்பக்கர் பிக்கப் உள்ள கிட்டாருக்கு இது மிக நன்றாகப் பொருந்துகிறது. சிங்கிள் காயில் கிட்டாருக்கு 4.7 அல்லது 22 மைக்ரோஃபாரட் நல்லது.

டிசியைத் தடுத்து ஒலியை மட்டும் இஎல்84-க்குக் கடத்தும் கப்ளிங் கண்டன்சரும் அப்படித்தான். ஒன்றை, பை (3.14) மடங்கான இரண்டு, ரெசிஸ்டர், கண்டன்சர் இவற்றின் பெருக்கத்தால் வகுத்தால் எந்த ஹெர்ட்ஸில் பேஸ் குறையத் தொடங்கும் என்று தெரியும். 0.022 மைக்ரோஃபாரட்டும் 470 கிலோ ஓமும் சேர்ந்தால் 15 ஹெர்ட்ஸ். கிட்டாரின் அடிக்கம்பி 82 ஹெர்ட்ஸில்தான் தொடங்குகிறது. அதற்குக் கீழே கடத்துவதெல்லாம் சின்ன டிரான்ஸ்பார்மருக்கு வீண் சுமை. 0.0047 வைத்தால் 72 ஹெர்ட்ஸ். ஒலி இறுகி, தெளிவாகும். நான் இந்த ஆம்ப்பில் 0.01 வைத்து 34 ஹெர்ட்ஸில் நிறுத்திக்கொண்டேன்.

கண்டன்சர் வாங்கும்போது மூன்று இலக்க எண்ணை மட்டும் பார்த்து வாங்கிவிடக் கூடாது என்பதை நான் பாடுபட்டுக் கற்றேன். 223 என்றால் 0.022 மைக்ரோஃபாரட், 473 என்றால் 0.047, 104 என்றால் 0.1. இது பலருக்கும் தெரியும். அந்த எண்ணுக்கு முன்னால் பொடி எழுத்தில் இருக்கும் இரண்டு குறிகள்தான் எத்தனை வோல்ட் தாங்கும் என்பதைச் சொல்பவை: 2ஏ என்றால் 100 வோல்ட், 2இ என்றால் 250, 2ஜி என்றால் 400, 2ஜே என்றால் 630. பின்னால் வரும் ஜே ஐந்து சதவீதப் பிழையையும் கே பத்து சதவீதப் பிழையையும் குறிக்கும். பச்சை நிற மைலார் கண்டன்சரில் 100 வோல்ட்டும் 630 வோல்ட்டும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத் தோன்றும். அளவில்தான் பெரிது, சிறிது.

என் முதல் ஆம்ப்பில் டோன் சுற்றின் பேஸ் பகுதிக்கு நான் வைத்த 104 கண்டன்சர், 2ஏ குறியிட்டது. முதல் வாரம் நன்றாக ஓடியது. பிறகு பேஸ் குமிழைத் திருகினால் ஸ்பீக்கரில் மணல் கொட்டுவதுபோல் கரகரவென்றது. குமிழை முழுதும் ஏற்றினால் ஒலி தொண்டை அடைத்ததுபோல் கம்மிப்போனது. குமிழுக்குப் பின்னாலுள்ள மூன்று கால் ரெசிஸ்டரான கண்ட்ரோல் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி இரண்டு முறை புதிது மாற்றினேன், பலனில்லை. எங்கள் பகுதியில் மைக் செட் வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர் ஐந்து நிமிடம் திருகிப் பார்த்துவிட்டு, "தம்பி, பேஸை ஏத்துனாத்தானே அடைக்குது? அப்ப கண்டன்சர் கசியுதுப்பா. கண்ட்ரோலை மாத்தி மாத்தி என்ன பண்ண?" என்றார். மீட்டரின் கறுப்பு முனையைச் சேசிஸில் கிளிப்பிட்டு, சிவப்பு முனையைப் பேஸ் கண்ட்ரோலின் மேல்காலில் வைத்தேன். ஒரு வோல்ட்டும் இருக்கக் கூடாத இடத்தில் 11 வோல்ட் டிசி. ஆனோடின் 165 வோல்ட், 100 வோல்ட்டுக்கே செய்த கண்டன்சரைத் துளைத்துக்கொண்டு கசிந்து, கண்ட்ரோல் வழியாக இரண்டாம் டிரயோடின் கிரிட்டுக்குப் போய் அதன் கழுத்தை நெரித்திருந்தது. 2ஜே104 ஒன்றை வைத்ததும் கரகரப்பும் அடைப்பும் ஒருசேரப் போயின. குமிழைத் திருகும்போது இரைச்சல் வந்தால், கண்ட்ரோலைக் கழற்றுவதற்கு முன் அதன் கால்களில் டிசி இருக்கிறதா என்று பாருங்கள்.

அந்தப் பாடத்துக்குப் பிறகு நான் எப்போதும் ஆனோடுக்கும் டோன் சுற்றுக்கும் நடுவில் 0.1 மைக்ரோஃபாரட், 630 வோல்ட் கண்டன்சர் ஒன்றைக் காவலாக வைத்து, அதன் டோன் பக்க முனையிலிருந்து எர்த்துக்கு ஒரு மெகா ஓம் ரெசிஸ்டர் போட்டுவிடுகிறேன். அந்த ரெசிஸ்டரை விட்டுவிட்டால் அந்த முனையில் டிசி மெல்ல ஏறி நின்றுவிடும். இப்படிச் செய்தால் டோன் சுற்று முழுவதும் டிசி இல்லாமல் இருக்கும். அளவுகளை மாற்றி மாற்றிச் சோதிக்கும் கட்டத்தில் இது பெரிய நிம்மதி.

டிரெபிள் பகுதிக்கு வேண்டியது பிகோஃபாரட் அளவிலான சின்னக் கண்டன்சர். சில்வர் மைக்கா கிடைத்தால் அதுவே சிறப்பு. இல்லையேல் என்பிஓ ரகச் செராமிக். சாதாரணச் செராமிக் டிஸ்க் ரகங்கள் சில, மின்னழுத்தம் மாறும்போது தம் அளவையே மாற்றிக்கொள்ளும். தட்டினால் ஒலிப்பவையும் உண்டு.

கண்ட்ரோல்களில் "ஏ", "பி" என்ற எழுத்து பொறித்திருக்கும். இப்போது சந்தைக்கு வருபவற்றில் ஏ என்பது லாக், பி என்பது லீனியர். குமிழைச் சரிபாதியில் நிறுத்தி மீட்டரில் அளந்தால், லீனியர் மொத்த ஓமில் பாதியும் லாக் பத்து முதல் பதினைந்து சதவீதமும் காட்டும். வால்யூமுக்கும் பேஸுக்கும் லாக் வேண்டும். பேஸுக்கு லீனியர் போட்டால், ஒன்றிலிருந்து இரண்டுக்குள்ளேயே எல்லா மாற்றமும் முடிந்து, மீதித் திருகல் வெறும் அலங்காரமாகிவிடும். மிடிலுக்கும் டிரெபிளுக்கும் லீனியர் பொருந்தும்.

டோன் சுற்று எப்படி வேலை செய்கிறது

டிரெபிள், மிடில், பேஸ் என்று மூன்று குமிழ் இருப்பதால் மூன்று தனித்தனி வாய்க்கால்கள் இருப்பதாக எண்ணத் தோன்றும். உண்மையில் அவை ஒரே கண்மாயின் மூன்று மடைகள் போன்றவை. ஒன்றைத் திறந்தால் மற்ற இரண்டின் ஓட்டமும் மாறும். இந்தச் சுற்றில் பெருக்கும் பாகம் எதுவுமே இல்லை. ஆகவே அது எந்த ஒலியையும் கூட்டுவதில்லை. எதை எவ்வளவு குறைப்பது என்பதைத்தான் குமிழ்கள் தீர்மானிக்கின்றன. பேஸையும் டிரெபிளையும் ஏற்றுவது என்பது நடுவிலுள்ளதை மட்டும் தாழவிடுவதே.

ஃபெண்டர் நிறுவனத்தின் 1960-களின் ஆம்ப்களில் உள்ள அமைப்பையே இங்கே எடுத்துக்கொள்கிறேன். வரும் ஒலி இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை 250 பிகோஃபாரட் வழியாக 250 கிலோ ஓம் டிரெபிள் கண்ட்ரோலின் மேல்காலுக்குப் போகிறது. கடையில் 250 இல்லாவிட்டால் 220 அல்லது 270 வைக்கலாம். மறுகிளை 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக வந்து மீண்டும் இரண்டாகிறது: 0.1 மைக்ரோஃபாரட், டிரெபிளின் கீழ்க்காலும் 250 கிலோ ஓம் பேஸ் கண்ட்ரோலின் மேல்காலும் சேருமிடத்துக்கு, 0.047 மைக்ரோஃபாரட், பேஸின் கீழ்க்காலும் 10 கிலோ ஓம் மிடில் கண்ட்ரோலின் மேல்காலும் சேருமிடத்துக்கு. பேஸின் நடுக்கால் அதன் மேல்காலோடும், மிடிலின் நடுக்கால் அதன் மேல்காலோடும் பிணைந்திருக்கும்; மிடிலின் கீழ்க்கால் எர்த்துக்கு. டிரெபிளின் நடுக்காலிலிருந்து வெளிவரும் ஒலி ஒரு மெகா ஓம் வால்யூமுக்குச் செல்கிறது. சரியாகக் கட்டியிருக்கிறோமா என்பதற்கு ஒரு சோதனை: மூன்று குமிழ்களையும் பூஜ்யத்தில் வைத்தால் ஒலி முற்றிலும் நின்றுவிட வேண்டும். நிற்காவிட்டால் மிடிலின் எர்த்தைப் பாருங்கள்.

இந்த அமைப்பில் பேஸையும் டிரெபிளையும் நடுவில் வைத்தால் 400, 500 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு பள்ளம் விழுகிறது. பளிச்சென்ற, கண்ணாடி போன்ற ஒலிக்கு அந்தப் பள்ளம்தான் காரணம். நடு ஒலிகளில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோதான் மிஞ்சுகிறது. அறுபது மடங்கு பெருக்கி, பத்தில் ஒன்றுக்கும் கீழாக இழந்து, மீண்டும் அறுபது மடங்குக்குச் சற்றுக் குறைவாகப் பெருக்கினாலும் மொத்தம் 200 மடங்குக்கு மேல் நிற்கும். இஎல்84-ஐ முழுவதுமாக ஓட்ட ஏழு வோல்ட் சொச்சம் உச்சம் போதும் என்பதால், கிட்டாரிலிருந்து 40 மில்லிவோல்ட் வந்தாலே போதுமானது. அதனால்தான் இரண்டே டிரயோடுகளோடு இந்த ஆம்ப் ஓவர்டிரைவ் வரை போகிறது.

ராக் வாசிப்பவர்கள் மார்ஷல் அளவுகளைக் கேட்பார்கள். 1962-இல் லண்டனில் பிறந்த முதல் மார்ஷல் ஆம்ப், ஃபெண்டரின் 1950-களின் பாஸ்மேன் ஆம்ப்பை ஒட்டிக் கட்டப்பட்டது. அந்தக் குடும்பத்தில் பிற்பாடு நிலைபெற்ற அளவுகள்: 33 கிலோ ஓம், 470 அல்லது 500 பிகோஃபாரட், 0.022 மைக்ரோஃபாரட் இரண்டு, பேஸ் ஒரு மெகா ஓம், மிடில் 25 கிலோ ஓம். பள்ளம் 600, 700 ஹெர்ட்ஸ் பக்கம் மேலேறுகிறது, ஆழமும் குறைகிறது. நடு ஒலிகள் முன்னுக்கு வருகின்றன. ஆனால் அவற்றை அப்படியே எடுத்து நம் ஆம்ப்பில் பொருத்தினால் ஏமாற்றமே மிஞ்சும். மார்ஷலில் டோன் சுற்றுக்கு முன்னால் கேத்தோடு ஃபாலோயர் என்ற தனி டிரயோடு நிற்கிறது. அதன் வெளியீட்டுத் தடை ஒரு கிலோ ஓமை ஒட்டியது. நம் டிரயோடின் ஆனோடுக்கோ 38 கிலோ ஓம். 33 கிலோ ஓம் ரெசிஸ்டர் அந்த ஆனோடின் மேல் சுமையாக ஏறி, பெருக்கத்தையும் டிரெபிளையும் தின்றுவிடும். மார்ஷல் அளவு வேண்டுமென்றால் இன்னொரு 12ஏஎக்ஸ்7 சேர்க்க வேண்டும். ஒரே வால்வோடு நிற்பவர்கள் 100 கிலோ ஓமை 56 கிலோ ஓமாக மட்டும் குறைத்து, பாதித் தூரம் போகலாம்.

மற்ற மாற்றங்கள் சிறியவை, ஆனால் காதுக்கு நன்றாகத் தெரிபவை. மிடில் கண்ட்ரோலை 10-க்குப் பதில் 25 கிலோ ஓமாக்கினால், பாதி வரை பழைய ஒலியும் அதற்கு மேல் தடித்த நடு ஒலியும் கிடைக்கும். செலவில்லாத மாற்றங்களில் எனக்கு மிகப் பிடித்தது இது. டிரெபிள் கண்டன்சரை 470 பிகோஃபாரட் ஆக்கினால் குமிழின் பிடி கீழிறங்கி மேல்நடு ஒலிகளையும் சேர்த்து இழுக்கும். 120 ஆக்கினால் நுனி ஒலிகளை மட்டும் தொடும். பேஸின் 0.1-ஐ 0.047 ஆக்கினால் அடி ஒலி இறுகும். 0.047-ஐ 0.022 ஆக்கினால் பள்ளம் மேல்நோக்கி நகரும். ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுங்கள். மாற்றிய பிறகு அரைமணி நேரமாவது வாசியுங்கள்.

குமிழ்களைத் திருகும் முறை

ஆம்ப்பைத் தரையில் வைத்து, பக்கத்தில் நின்றுகொண்டு டோன் பார்க்கிறவர்கள் மிகுதி. டிரெபிள் ஒலி ஸ்பீக்கரிலிருந்து நேர்கோட்டில் பாய்வது. முழங்காலுக்குப் போகிற டிரெபிள் காதுக்கு வராது. குறைவாக இருக்கிறதென்று ஏற்றிக்கொண்டே போவார்கள், எதிரே உட்கார்ந்திருப்பவருக்குக் காது குத்தும். ஆம்ப்பை ஸ்டூலில் ஏற்றி, ஸ்பீக்கர் காதை நோக்குமாறு வைத்து, ஆறேழு அடி தள்ளி நில்லுங்கள். சுவர் மூலையில் வைத்தால் பேஸ் கூடும் என்பதால் இரண்டடியாவது விலக்கி வையுங்கள். மொசைக் தரையும் பூசிய சுவருமாக இருக்கும் நம் வீட்டு அறைகள் ஒலியை எதிரொலித்துக் கூர்மையாக்கும். தரையில் ஜமக்காளம் ஒன்றை விரித்துப் பாருங்கள், டிரெபிள் குமிழில் ஒரு எண் குறையும்.

வால்வு சூடேறப் பத்து நிமிடம் விட்டு, வால்யூமை நீங்கள் உண்மையில் வாசிக்கப்போகும் அளவில் வையுங்கள். மெல்லிய ஒலியில் நம் காது பேஸைக் குறைவாகவே கேட்கும். இரவில் அடக்கி வாசித்துப் பிடித்த டோன், பகலில் வால்யூம் ஏற்றியதும் குமுறும்.

பிறகு மிடிலை முழுவதும் ஏற்றி, பேஸையும் டிரெபிளையும் பூஜ்யத்துக்கு இறக்குங்கள். இந்தச் சுற்றில் ஏறக்குறைய சமமான ஒலி கிடைப்பது இந்த நிலையில்தான். மூன்றையும் ஐந்தில் வைப்பது சமநிலை என்ற எண்ணம் தவறு. ஒலி சற்று மந்தமாக, வானொலி போல் இருக்கும். அதுதான் உங்கள் கிட்டாரும் ஸ்பீக்கரும் தரும் அசல் ஒலி. அங்கிருந்து டிரெபிளை மெல்ல ஏற்றி, மேல்கம்பியை மீட்டும்போது பிக் தொடும் ஓசை தெளிவாகக் கேட்கிற இடத்தில் நிறுத்துங்கள். பின் பேஸை ஏற்றுங்கள். அடிக்கம்பியைத் தனியே அல்லாமல், திறந்த ஈ கார்டை முழுதாக அடித்து, ஆறு கம்பிகளும் தனித்தனியாகக் கேட்கின்றனவா என்று பாருங்கள். கீழ் இரண்டும் ஒன்றாகக் குழைந்தால் பேஸ் கூடிவிட்டது. கடைசியாக மிடிலை இறக்கி, உங்களுக்குப் பிடித்த அளவு பள்ளத்தைத் தோண்டிக்கொள்ளுங்கள். அப்போது டிரெபிளும் பேஸும் கூடியதுபோல் தோன்றும், இரண்டையும் அரை எண் குறைக்க நேரும்.

ஓவர்டிரைவுக்காக வால்யூமை ஏற்றும்போது பேஸைக் குறைப்பது வழக்கமாகட்டும். டோன் சுற்று இரண்டாம் டிரயோடுக்கும் இஎல்84-க்கும் முன்னால் இருக்கிறது. அங்கே பேஸ் மிகுந்து போனால் வால்வு அதிலேயே திணறி, மேல்கம்பிகள் குழம்பிவிடும். ஏழுக்கு மேல் வால்யூம் போனால் நான் பேஸை இரண்டில் வைக்கிறேன்.

தனியாக வாசிக்கும்போது இனிக்கும் டோன் குழுவில் காணாமல் போவதையும் பார்த்திருப்பீர்கள். தேவாலயப் பாடகர் குழுவில் கீபோர்டும் பேஸ் கிட்டாரும் இருக்கும்போது, நம் அடி ஒலியை அவர்கள் மூடிவிடுவார்கள், நுனி ஒலியைச் சிம்பல் மூடிவிடும். கிட்டாருக்கென்று எஞ்சுவது நடு ஒலிதான். ஆகவே குழுவில் மிடிலை ஏழுக்குக் கீழே இறக்காதீர்கள். அறையில் கேட்டால் மூக்கால் பேசுவதுபோல் தோன்றும் அதே டோன், அங்கே வரி வரியாகத் தெளிந்து நிற்கும்.

பிடித்த நிலைகள் கிடைத்ததும் முகப்பில் மாஸ்கிங் டேப் ஒட்டி, வீட்டுக்கு ஒரு நிறத்திலும் குழுவுக்கு ஒரு நிறத்திலும் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஏதேனும் ஒரு குமிழ் எப்போதும் பூஜ்யத்திலோ பத்திலோ போய் முட்டி நின்றால், அந்தக் கண்டன்சரின் அளவு உங்களுக்குப் பொருந்தவில்லை என்று பொருள்: டிரெபிள் எப்போதும் பத்தில் நின்றால் 250 பிகோஃபாரட்டை 470 ஆக்குங்கள், பேஸ் எப்போதும் ஒன்றில் நின்றால் 0.1-ஐ 0.047 ஆக்குங்கள், மிடில் எப்போதும் பத்தில் நின்றால் 25 கிலோ ஓம் கண்ட்ரோலுக்கு மாறுங்கள். குமிழ்கள் மூன்றுக்கும் ஏழுக்கும் நடுவில் உலவத் தொடங்கியதும், தற்காலிகமாக வைத்த பாகங்களை நிரந்தரமாகப் பற்றவைத்து, அவற்றின் அளவுகளையும் ஆனோடு, கேத்தோடு மின்னழுத்தங்களையும் தேதியோடு ஒரு தாளில் எழுதி, சேசிஸ் மூடியின் உட்புறத்தில் ஒட்டிவிடுங்கள்.